யார் காசில் யார் நினைவு?

அருங்காட்சியகம் கட்டப் போகிறோம் என்றதும் முதலில் கட்டடத்துக்குப் படம் போடுகிறவரைத் தேடுகிறார்கள். அடுத்து பணம் போடுகிறவரை. யாருடைய நினைவு என்கிற கேள்வி கடைசியில் வருகிறது, அல்லது வராமலே போகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்கணும். ஏன் என்பதற்கு இலங்கையிலேயே இரண்டு கட்டடங்கள் சாட்சி.

கண்டிக்கு மேலே ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை, 2001இல் தேயிலை அருங்காட்சியகமானது. நடத்த முன்வந்தவர்கள் தேயிலைச் சபையும் தோட்டத்துரைமார் சங்கமும். ஆகவே அங்கே நாயகர்கள் இயந்திரமும் ஜேம்ஸ் டெய்லர் துரையும்தான். கம்பளை பக்கத்தில் பழைய பீகாக் தோட்டத்தில் 2007இல் திறந்தது தொழிலாளர் அருங்காட்சியகம். சமூக அபிவிருத்தி நிறுவகம் உண்டாக்கியது. மாளிகை எழுப்பவில்லை, லயன் அறைகளே கட்டடம். காசு எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான் கதையும் தொடங்குகிறது.

இப்போ நெல்லியாளத்துக்கு வருவோம். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்குப் பங்கு பிரித்தது. தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் பலர் இந்த மலையில் இறக்கப்பட்டார்கள். பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். அவர்களுக்கென்று 1968இல் தொடங்கி 1976இல் கழகமானது டான்டீ. அங்கே "கள்ளத்தோணி", இங்கே "சிலோன்காரன்". இந்த ஜனத்துக்கு ஒரு நினைவுக்கூடம் வேண்டாமா? வேண்டும். ஆனால் பீகாக் தோட்டத்தை அப்படியே நகலெடுக்கக் கூடாது.

காரணம் இருக்கு. 2022 அக்டோபரில் டான்டீ நிலம் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு ஆணை போட்டது. ஓய்வு பெற்றவர்கள் லைன் வீட்டைக் காலி பண்ண வேண்டிய கதி. ஆளைக் கிளப்பிவிட்டு அந்த வீட்டில் கொழுந்துக் கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் மாட்டி வைத்தால் அதற்குப் பெயர் அருங்காட்சியகம் இல்லை, வெளியேற்றத்துக்கு வெள்ளையடிப்பு. முதலில் பட்டாவோடு வீடு, அப்புறம்தான் காலியான லைனில் காட்சி.

நிதி? கீழடி அருங்காட்சியகத்துக்கு அரசு 18.42 கோடி ரூபாய் செலவழித்து 2023இல் திறந்தது. சரிதான். ஈராயிரம் வருசத்துப் பானைக்கு உண்டான மரியாதை, அறுபது வருசத்து உழைப்புக்கும் உண்டு என்று கேட்போம். இது பிச்சை இல்லை, பாக்கி. தொழிலாளியிடம் ஒரு நாள் கூலி வசூலிக்கலாம் என்பார்கள். தேயிலை அவள் கூலியில் ஏற்கெனவே வசூலித்துவிட்டது. அவளிடம் கேட்க வேண்டியது காசு அல்ல: குடும்ப அட்டை, பாஸ்போர்ட், பாட்டு, தப்பு. தந்தவள் பெயர் வாசலில் இருக்கட்டும். நன்கொடையாளர் கல்வெட்டு பின்சுவரில் போதும்.

இன்னொன்று. இந்தக் காடு நமக்கு முன்னால் பணியர், காட்டுநாயக்கருடையது. அவர்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தாமல், திட்டக்குழுவில் உட்கார வைக்கணும். துரை நமக்குச் செய்ததை நாம் இன்னொருத்தருக்குச் செய்தால், எத்தனை கோடியில் கட்டினாலும் அது இன்னொரு பங்களாதான்.