கோடை விரால்

மறைமலை நகரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் செங்கல்பட்டின் கொளவாய் ஏரி. சித்திரை வெயிலில் இப்பக்கத்து ஏரிகளில் நீர் தாழ்ந்து, கரையோரம் கோரையும் பாசியும் மண்டிவிடும். விராலுக்குத் தூண்டில் போட அதைவிட நல்ல காலம் இல்லை.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. நீர்மேல் வந்து காற்றையும் குடிக்க வேண்டும். பாசி விலகி ஒரு குமிழ் உடைந்தால் மீன் இருக்கும் இடம் தெரிந்துவிடும். அதற்குச் சற்று அப்பால் ரப்பர் தவளையை வீசி, மெல்ல இழுத்துவர வேண்டும். முள் இரண்டும் தவளையின் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் புல்லில் அவ்வளவாகச் சிக்காது. திடீரென்று ‘பளார்’ என நீர் சிதறும். உடனே சுண்டினால் பெரும்பாலும் வெறும் தவளைதான் திரும்பி வரும். நரம்பு இறுகும்வரை பொறுத்துச் சுண்டுவதே இந்தக் கலையின் உச்சம். அந்த ஒரு மூச்சுப் பொறுமை தரும் இன்பத்தை நான் வேறெதிலும் கண்டதில்லை.

செந்நிறக் குஞ்சுகள் நீர்மேல் மொய்த்தால், அடியில் பெற்ற மீன் காவல் நிற்கிறது என்று பொருள். அங்கே வீசினால் சீறி வந்து கடிக்கும். ஆனால் காவல் போனால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும். அவ்விடத்தில் தூண்டிலைச் சுருட்டிக்கொள்ளுங்கள்.