மல்லாத்திப் போடும் வைத்தியம்

எலியட்ஸ் கடற்கரையில் மாலை வேளையில் ஒரு நாய்க்குட்டியோடு நடந்து பாருங்கள். ஷ்மிட் நினைவுச் சின்னத்தை எட்டுவதற்குள் நாலு பேராவது ஆலோசனை சொல்லிவிடுவார்கள். போன ஆண்டு நான்கு மாதத் தெருக்குட்டி ஒன்றை வளர்க்க ஆரம்பித்தபோது எனக்கும் கிடைத்தது. "கையைக் கடிக்கிறதா? மூக்கில் ஒன்று போடுங்கள்" என்றார் ஒருவர். இன்னொருவர் கொஞ்சம் படித்தவர். "மல்லாத்திப் போட்டு, அடங்கும் வரை அழுத்திப் பிடியுங்கள் சார். யார் தலைவன் என்று அதற்குத் தெரிய வேண்டும். ஓநாய்க் கூட்டத்தில் அப்படித்தான்" என்றார்.

முதல் ஆலோசனை வெறும் முரட்டுத்தனம், விட்டுவிடலாம். இரண்டாவது விஞ்ஞானத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது. ஆகவே அதைத்தான் நாம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இந்த வைத்தியத்தை உலகெங்கும் பரப்பியதில் ஒரு நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவில் நியூ ஸ்கீட் மடத்துத் துறவிகள் 1978இல் வெளியிட்ட, நாயின் நல்ல நண்பனாவது எப்படி என்று சொல்லும் நூல் அது. அல்சேஷன் நாய்களை வளர்த்துப் பழகியவர்கள் எழுதியது. நாயைக் கொல்லையில் கட்டிப்போடாமல் நம்மோடு வாழவிடச் சொல்லும் அதன் பக்கங்கள் இன்றும் படிக்கத் தக்கவை. ஆனால் அதே நூல், கடுமையான தவறுக்குத் தண்டனையாக நாயை மல்லாத்திப் போடவும் சொன்னது. நூலின் நல்ல பக்கங்களை விட்டுவிட்டு இந்த ஒரு பக்கம் மட்டும் கடல் தாண்டி, பல் முளைக்கும் குட்டிவரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது!

இதற்கு ஆதாரம் என்ன? ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் பாசல் மிருகக்காட்சிசாலை ஓநாய்களைக் கவனித்து 1947இல் எழுதிய கட்டுரையில் இதன் வேர் இருக்கிறது. தலைமைக்காக அவை ஓயாமல் சண்டையிட்டதை அவர் கண்டார். கண்டது பொய்யல்ல. ஆனால் அவை ஒன்றுக்கொன்று அந்நியமானவை. சிறிய அடைப்பில் சேர்த்து விடப்பட்டவை. எழும்பூரில் முன்பதிவில்லாத பெட்டிக்குள் இடம்பிடிக்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் தமிழர் குடும்ப வாழ்க்கையைப் பற்றி எழுதினால் எப்படி இருக்கும்?

இந்தக் கருத்தைத் தம் 1970ஆம் ஆண்டு நூலில் பிரபலமாக்கியவர் டேவிட் மெக். பின்னர் 1986 முதல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களை அருகிலிருந்து கவனித்தார். அங்கே கூட்டம் என்பது தாய், தந்தை, பிள்ளைகள் கொண்ட குடும்பமே. 1999இல் தம் பழைய கருத்தைத் தாமே திருத்தி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பழைய நூலை இனி அச்சிட வேண்டாமென்று பதிப்பாளரையும் கேட்டுக்கொண்டார். விஞ்ஞானிக்கு அழகு இது. கடற்கரை ஆலோசகர்களுக்குத்தான் செய்தி இன்னும் எட்டவில்லை.

சரி, குட்டி ஏன் கடிக்கிறது? பிறந்து மூன்று முதல் ஆறு வாரங்களில் 28 பால் பற்கள் முளைக்கின்றன. நான்காம் மாதவாக்கில் அவை விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 நிலைத்த பற்கள் வந்துவிடும். இடையில் ஈறு குறுகுறுக்கும். கிடைத்ததையெல்லாம் மெல்லத் தோன்றும். தலைமை ஆசைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பால் பல் சிறியது, ஆனால் வலிக்கிறது. காரணம் நீங்கள் பாடத்தில் படித்ததுதான். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. பல் நுனியின் பரப்பு கால் சதுர மில்லிமீட்டர் என்றும், அதன்மேல் ஒரு கிலோ எடைக்குச் சமமான விசை விழுகிறது என்றும் கொள்வோம். அழுத்தம் வளிமண்டலத்தைப் போல் ஏறக்குறைய 400 மடங்கு! குட்டிக்கு இந்தக் கணக்கு தெரியாது. கூடப் பிறந்தவற்றைக் கடிக்கும்போது அவை கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அப்படித்தான் கடியின் அளவை அது கற்கிறது. நம் தெருக்களில் எடுக்கப்படும் குட்டிகள் பல, தாயை எட்டு வாரத்துக்கு முன்பே பிரிந்தவை. அந்தப் பாடம் பாதியில் நின்றுபோகிறது.

மீதிப் பாடத்தை நாம் நடத்த வேண்டும். கடித்தால் விளையாட்டை நிறுத்தி, கையை உதறாமல், அரை நிமிடம் விலகிப் போய்விடுங்கள். நாமும் கத்தலாம் என்பார்கள். என் குட்டிக்கு அது இன்னும் குஷியாகிவிட்டது. நனைத்து முறுக்கிய துணியைக் குளிர்பெட்டியில் உறையவைத்துக் கொடுத்தது பலித்தது. பனிக்கட்டி உருகும்போது உள்ளுறை வெப்பத்தை எடுத்துக்கொள்வதால் ஈறு நெடுநேரம் குளிர்ந்திருக்கும். துணியைக் கிழித்து விழுங்காமல் பக்கத்தில் இருக்க வேண்டும். சமைத்த கோழி எலும்பு கூடாது. சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையைக் கிழிக்கும். செருப்பையும் மின்கம்பியையும் எட்டாமல் வையுங்கள். பாயசத்தில் போடும் உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது.

ஆனால் தோல் கிழிந்துவிட்டால் "குட்டிதானே" என்று இருக்காதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசி குட்டிக்குப் பொதுவாக மூன்று மாதமானால்தான் போடப்படுகிறது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரிடம் போங்கள்.

அடிப்பது சட்டத்துக்கும் ஆகாது. பக்கத்துத் திருவான்மியூரில் கலாக்ஷேத்ராவை வளர்த்த ருக்மிணி தேவி, மாநிலங்களவையில் வாதாடியதன் பயனாக வந்தது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம்.

அந்தத் துறவிகளும் 2002இல் வந்த திருத்திய பதிப்பில் மல்லாத்தும் தண்டனையைக் கைவிட்டுவிட்டார்கள். பழைய புத்தகக் கடையில் அந்நூல் உங்கள் கையில் கிடைத்தால், முதலில் அச்சிட்ட ஆண்டைப் பாருங்கள்.