சராசரி சொல்லாத அஸ்வின்

2024 டிசம்பர் 18 அன்று பிரிஸ்பேனில் ஓய்வை அறிவித்த இந்தியக் கிரிக்கெட் பந்துவீச்சாளர் ரவிச்சந்திரன் அஸ்வினின் டெஸ்ட் கணக்கு 106 ஆட்டங்கள், பந்துவீசிய 200 இன்னிங்ஸ், 537 விக்கெட் என்று நிறைவுற்றது. வகுத்துப் பார்த்தால் இன்னிங்ஸுக்கு 2.685 விக்கெட் என்ற சராசரி கிடைக்கிறது. ஆனால் அவருடைய ஆட்டத்தின் வலிமை அந்தச் சராசரியைவிட, அதைச் சுற்றி விக்கெட்டுகள் பரவியிருக்கும் விதத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பரவலைப் படிக்கும் முறை பாகலூர், ஓசூர் வட்டாரத் தொழிற்கூடங்களின் தரப் பதிவேடுகளுக்கும் அப்படியே பொருந்துவதால், இந்த அலசல் ஆட்டக்களத்தோடு நின்றுவிடுவதில்லை.

ஓர் இன்னிங்ஸில் ஒரு பந்துவீச்சாளர் எத்தனை விக்கெட் எடுப்பார் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. எனினும் அந்த எண்ணிக்கை 0 முதல் 10 வரையிலான முழு எண்களில் ஒன்றாகவே இருக்கும். இவ்வாறு நிகழ்வதற்கு முன் தெரியாமலும் நிகழ்ந்தபின் ஓர் எண்ணாகவும் அமையும் அளவைப் புள்ளியியல் சமவாய்ப்பு மாறி என்கிறது. அதன் மதிப்புகளைத் தனித்தனியே எண்ணிவிடலாம் என்பதால் இது தனித்த சமவாய்ப்பு மாறி. ஒவ்வொரு மதிப்பும் வருவதற்கான வாய்ப்பைக் காட்டும் பட்டியல் நிகழ்தகவுப் பரவல் எனப்படும். மதிப்புகளை அவற்றின் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் வருவது கணித எதிர்பார்ப்பு, அதாவது நீண்டகாலச் சராசரி. மதிப்புகள் அதிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதை அளப்பது பரவற்படி.

அஸ்வினின் விக்கெட்டுகளுக்குப் பொருத்திப் பார்க்கத்தக்க பரவல்கள் இரண்டு. எதிரணியின் பத்து விக்கெட்டில் ஒவ்வொன்றும் அவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு எப்போதும் 0.2685தான் என்றும், ஒரு விக்கெட் விழுவது அடுத்ததைப் பாதிக்காது என்றும் கொண்டால், அது ஈருறுப்புப் பரவல். மேல் வரம்பு எதையும் வைக்காமல், விக்கெட்டுகள் ஒரே சீரான விகிதத்தில் விழுகின்றன என்று மட்டும் கொண்டால், அது சராசரியும் பரவற்படியும் சமமாக அமையும் பாய்சான் பரவல். ஓர் இன்னிங்ஸில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட விக்கெட் எடுக்கும் நிகழ்தகவு முதல் கணக்கில் ஏறத்தாழ 0.10, இரண்டாம் கணக்கில் 0.135, எனவே 200 இன்னிங்ஸில் எதிர்பார்க்க வேண்டியவை முறையே 20, 27. அஸ்வின் அதைச் சாதித்ததோ 37 முறை.

இந்த இடைவெளி எதனால் வந்தது என்பதை அறிய, பாய்சான் பரவல் கச்சிதமாகப் பொருந்திய ஒரு பழைய கணக்கு உதவுகிறது. போர்ட்கீவிச் என்ற அறிஞர் 1898-இல் வெளியிட்ட நூலில், பிரஷ்யப் படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் எண்ணிக்கையை ஆராய்ந்தார். அதில் 10 படைப்பிரிவுகளின் 20 ஆண்டுப் பதிவு, அதாவது அஸ்வினுக்கு உள்ளதைப் போலவே 200 பதிவுகள், மொத்தம் 122 மரணங்களைக் காட்டின. ஒரு மரணமும் நேராத பதிவுகள் 109; பாய்சான் கணக்கு எதிர்பார்த்ததும் ஏறத்தாழ 109. அமைப்பில் வேறுபட்டிருந்த நான்கு படைப்பிரிவுகள் விலக்கப்பட்டு, ஒத்த தன்மையுள்ளவை மட்டுமே இக்கணக்கில் சேர்க்கப்பட்டதால்தான் இத்தகைய பொருத்தம் வாய்த்தது.

அஸ்வினின் 200 இன்னிங்ஸ் அவ்வாறு ஒரே தன்மையுடையவை அல்ல. இந்திய மண்ணில் 65 டெஸ்ட்டில் 383 விக்கெட் எடுத்த அவர், வெளியே 41 டெஸ்ட்டில் எடுத்தவை 154. ஐந்து விக்கெட் சாதனைகளிலும் 29 உள்நாட்டில் நிகழ்ந்தவை. ஒரே ஆட்டத்துக்குள்ளும் விகிதம் மாறுகிறது. பாகலூருக்கு அருகிலுள்ள பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் 2017 மார்ச்சில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் இன்னிங்ஸில் 84 ரன் கொடுத்து 2 விக்கெட் எடுத்தவர், ஆடுகளம் தேய்ந்து சுழல் கூடிய நான்காவது இன்னிங்ஸில் 41 ரன்னுக்கு 6 விக்கெட் வீழ்த்தினார். 188 ரன்னைத் துரத்திய ஆஸ்திரேலியா 112 ரன்னில் சுருண்டு, 75 ரன்னில் தோற்றது. ஆகவே மாதிரி பொருந்தாமல் போனதைக் கணக்கின் தோல்வியாகக் கருதக் கூடாது. விகிதம் நிலையானது என்ற அனுமானம் தவறு என்பதையும், சாதகமான களம் கிடைத்தபோது அதை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளும் ஆற்றல் அவரிடம் இருந்தது என்பதையும் அந்தப் பொருந்தாமையே தெரிவிக்கிறது.

வாகன ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து அனுப்பும் பாகலூர், ஓசூர் வட்டாரச் சிறு நிறுவனங்கள் கருத்தில் கொள்ள வேண்டிய பாடமும் இதுவே. ஒரு பெட்டிக்குச் சராசரியாக 2 பழுதான பாகங்கள் வருகின்றன என்றும், 5 அல்லது அதற்கு மேல் இருந்தால் வாங்குபவர் பெட்டியையே ரிஜெக்ட் செய்வார் என்றும் வைத்துக்கொள்ளலாம். விகிதம் சீரானதாக இருந்தால் பாய்சான் கணக்குப்படி நூற்றுக்கு ஏறத்தாழ 5 பெட்டிகள் திரும்பி வரும். ஆனால் பெட்டிகளில் பாதி பகல் ஷிப்டிலும் பாதி இரவு ஷிப்டிலும் தயாராகி, பகலில் சராசரி 1 ஆகவும் இரவில் 3 ஆகவும் இருந்தால், மொத்தச் சராசரி 2 என்பது சற்றும் மாறாத நிலையிலும் நூற்றுக்கு 9 பெட்டிகள் திரும்பும். சராசரியை மட்டும் எழுதி வைக்கும் பதிவேட்டில் இந்த இழப்பின் காரணம் ஒருநாளும் தென்படாது.

எனவே பந்துவீச்சாளரை மதிப்பிடும் தேர்வாளரானாலும், லாட்டுக்குக் கையெழுத்திடும் தர ஆய்வாளரானாலும், சராசரியோடு முழுப் பரவலையும் பதிவு செய்து, அதைப் பாய்சான் கணக்கோடு ஒப்பிட்டு, விலகல் கூடுதலாக இருந்தால் களம், ஷிப்ட், இயந்திரம் எனப் பிரித்துப் பார்ப்பதே முறை. அவ்வாறு பார்க்கும்போது அஸ்வினின் அந்த 37 இன்னிங்ஸுக்கு உரிய மதிப்பும் கிடைக்கும். பழுது பெருகும் ஷிப்டும் ஆலை மேலாளரின் கண்ணில் படும்.