ஒன்றரைக் கட்டை ஆண்கள்

திருச்சியில் கல்யாண ரிசப்ஷனுக்கு மெல்லிசைக் குழுவைக் கூப்பிடுவது குறைந்துவிட்டது. டிரம்ஸ், கீபோர்டு, இரண்டு பாடகர், ஒரு பாடகி என்று வேன் பிடித்து வந்தவர்களின் இடத்தில் இப்போது ஒரு லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர், இரண்டு கார்ட்லெஸ் மைக். டிராக் போட்டுப் பாடுகிறவர்களில் கணிசமானோர் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள். ரயில்வேயிலும் பெல்லிலும் வங்கியிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். தில்லைநகர் மொட்டைமாடியிலும் ஸ்ரீரங்கத்து அடுக்ககத்தின் பொது அறையிலும் கூடி ஒத்திகை பார்ப்பவர்களும் இவர்களே. எதைப் பாடுகிறார்கள், எதைத் தொடாமல் விடுகிறார்கள் என்று கவனித்தால் தமிழ்த் திரையிசையில் ஆண் குரலின் சரித்திரம் வேறொரு வரிசையில் கிடைக்கிறது. அந்த வரிசையைத் தீர்மானிப்பதில் ரசனைக்குப் பாதிப் பங்குதான். மீதியைக் கட்டை, அதாவது சுருதி, பார்த்துக்கொள்கிறது.

இப்படி டிராக் போட்டுப் பாடும் கரோக்கி பிறந்த கதையிலேயே இந்தச் சுருதிப் பிரச்சினை இருக்கிறது. ஜப்பானின் கோபே நகரத்து மதுக்கடைகளில் வாடிக்கையாளர்கள் பாட, பக்கத்தில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவர் இனோவே தைசுகே. யார் குரல் எங்கே இறங்கும், யாருக்குத் தாளம் எங்கே தவறும் என்று தெரிந்து அனுசரித்து வாசிக்கிறவர். ஒரு கம்பெனி முதலாளி வெளியூர்ப் பயணத்துக்குத் துணையாக அழைத்தபோது போக முடியாமல், அந்த மனிதருக்குத் தோதாக வாசித்து டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். அந்த யோசனையிலிருந்து 1971-இல் ‘8 ஜூக்’ என்ற பெட்டி வந்தது. முதலில் செய்தவை 11. காப்புரிமை வாங்கவில்லை. 2004-இல் அவருக்கு இக் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது, மனிதர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் புதுவழி காட்டியதற்காக. பரிசுக் குழுவினர் நம் ஊர் ரிசப்ஷன் ஒன்றில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் இன்னொரு முறையும் கொடுத்திருப்பார்கள்.

ஆக, பாடுகிறவரின் தொண்டைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைதான் முதல் கரோக்கி. இன்றும் ஜப்பானியக் கரோக்கி அறைகளில் சுருதியை ஏற்றவும் இறக்கவும் ரிமோட்டில் பொத்தான் உண்டு. பெரியவர்கள் கிடாஜிமா சபுரோவின் என்கா என்ற பழைய பாணிப் பாட்டுகளை, 1978-இல் வந்த ‘யோசாகு’வைப் போன்றவற்றை, அடித்தொண்டையிலிருந்து பாடுவார்கள். ஸ்பிட்ஸ், மிஸ்டர் சில்ட்ரன் போன்ற குழுக்களின் பாட்டுக்குத்தான் அந்தப் பொத்தான் அதிகம் வேண்டியிருக்கும். அவற்றின் பாடகர்கள் உச்சத்தில் பாடுகிறவர்கள்.

நம் ஆட்கள் யூடியூபிலிருந்து இறக்கும் டிராக் பெரும்பாலும் படத்தில் இருந்த அதே சுருதியில் இருக்கும். சங்கீதம் படித்த ஆண்கள் வழக்கமாக ஒரு கட்டையிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுகிறார்கள், பெண்கள் ஐந்து, ஐந்தரை. சங்கீதமே படிக்காத, இருபது வருஷம் கவுன்டரில் டோக்கன் நம்பர் கூப்பிட்ட குரல் எங்கே நிற்கும் என்று அதற்கே தெரியாது. பல்லவியில் நிம்மதியாக இருக்கும். சரணத்தின் மூன்றாவது வரியில் கழுத்து நரம்பு புடைக்கும். “அரைக் கட்டை இறக்கிப் போடுங்க சார்” என்ற குரல் ஒத்திகையில் அடிக்கடி கேட்கிறது. செயலியில் இறக்கலாம்தான். இரண்டு கட்டைக்கு மேல் இறக்கினால் வயலின் எல்லாம் ஜலதோஷம் பிடித்ததுபோல் ஆகிவிடும்.

இதனால் முதலில் அடிபட்டவர் இந்த ஊர்க்காரர். மாயவரத்தில் பிறந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் வளர்ந்தது திருச்சியில், அடக்கமானதும் திருச்சியில். ரயில்வே அதிகாரி எஃப்.ஜி. நடேச அய்யர் நடத்திய ரசிக ரஞ்சனி சபாவின் நாடகத்தில் லோகிதாசனாகச் சிறுவயதில் மேடையேறியவர். 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அத்தனை பேர் முணுமுணுத்த பாட்டுகளை இன்று மைக் பிடிக்கும் திருச்சி ஆண்கள் தொடுவதில்லை. டிராக் கிடைக்காதது ஒரு காரணம். பெரிய காரணம், அது மைக் இல்லாத நாடக மேடையில் பழகிய குரல். கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் கேட்க வேண்டும் என்று எட்டாத கட்டையில் பாடிப் பாடி, அந்த உயரமே ஆண்குரலின் அழகு என்று ஆன காலம். மைக் வந்ததும் தொண்டை கீழே இறங்கியது. இறங்கிய இடத்தில்தான் நம் ரிசப்ஷன் பாடகர்கள் நிற்கிறார்கள்.

அங்கே அவர்களுக்காகக் காத்திருப்பவர் பி.பி. ஸ்ரீனிவாஸ். கரோக்கி வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் கணிப்பு. எண்ணிப் பார்த்துச் சொல்லவில்லை. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’, ‘சுமைதாங்கி’ இரண்டும் 1962. கண்ணதாசன் பாட்டு, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. இரண்டிலும் ஸ்ரீனிவாஸின் குரல் பேச்சுக்கு ஒரு படி மேலே போய் அங்கேயே உலாவும். மூச்சு வாங்க இடம் இருக்கும், வார்த்தைகள் ஒன்றையொன்று இடிக்காது. கேட்கிறவருக்குச் சுலபம் என்று தோன்றும் அதைப் பாடிப் பார்த்தால்தான், கீழ் ஸ்தாயியில் குரல் நடுங்காமல் நிற்பது எவ்வளவு சிரமம் என்று தெரியும். ஆனாலும் மானம் போகாது. உச்சத்தில் பிசிறினால் சமையல்காரர் வரைக்கும் எட்டிப் பார்ப்பார். கீழே பிசிறினால் பாவம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

இந்தப் பாட்டுகளில் இன்னொரு திருச்சிக்காரர் ஒளிந்திருக்கிறார். இரட்டையரில் வயலின்காரரான டி.கே. ராமமூர்த்தியின் முதல் எழுத்து திருச்சிராப்பள்ளிதான். 1965-இல் இருவரும் பிரிந்தார்கள். 2013 ஏப்ரல் 14-இல் ஸ்ரீனிவாஸ் போனார், மூன்றாம் நாள் ராமமூர்த்தி, மே 25-இல் டி.எம். சௌந்தரராஜன், ஜூலை 18-இல் வாலி. ஒரு தலைமுறை ஆண்களின் பாட்டுப் புத்தகமே நூறு நாளுக்குள் அநாதையானது.

வாலி ஸ்ரீரங்கத்துப் பிள்ளை, திருப்பராய்த்துறையில் பிறந்த டி.எஸ். ரங்கராஜன். (இதே ஊர் தமிழுக்குக் கொடுத்த இன்னொரு ரங்கராஜன் சுஜாதா. ஸ்ரீரங்கத்தில் ரங்கராஜன் என்று கூப்பிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும்.) ஊரிலிருந்தபடியே வாலி எழுதிய முருகன் பாட்டைச் சௌந்தரராஜன் பாடியதுதான் அவருக்குச் சென்னைக்கு வழி திறந்தது. ஆண்கள் தனியாக நின்று, எதிரே யாரோ இருப்பதுபோல் கை நீட்டிப் பாட ஆசைப்படும் பாட்டுகளில் பாதி வாலியுடையது என்று சொல்லலாம் போலிருக்கிறது. ‘படகோட்டி’ 1964, ‘எங்க வீட்டுப் பிள்ளை’ 1965. இரண்டிலும் சொல் ஸ்ரீரங்கம், பாதி இசை திருச்சி, குரல் மதுரைச் சௌந்தரராஜன். இரண்டாவது படத்தின் சாட்டைப் பாட்டு வராமல் ரிசப்ஷன் முடிவதில்லை. ஒன்றரைக் கட்டை ஆசாமி அதைப் பாடும் உத்தி ஊருக்கே தெரியும்: பல்லவியை முழங்குவது, சரணத்தில் மேலே போகும்போது மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவது. கூட்டம் பாடிவிடும். எம்.ஜி.ஆர். பாட்டுக்கு அந்த வசதி உண்டு.

எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு அந்த வசதி கிடையாது. அவர் பாட்டு ஆசை காட்டி மோசம் செய்யும். வாய்க்கு இதமாகத் தொடங்கும், நடுவே ஒரு சிரிப்பு, ஒரு குழைவு வரும், அது மட்டும் யாருக்கும் வராது. ‘கேளடி கண்மணி’யில் (1990) மூச்சு விடாமல் பாடுவதுபோல் அமைந்த பாட்டு ஒரு பந்தயம் மாதிரி. பதிவுக்கூடத்தில் துண்டு துண்டாகப் பாடி ஒட்ட முடியும். கல்யாண மண்டபத்தில் முடியாது. மறுமுனையில் ‘தளபதி’ (1991), வாலியின் பாட்டு. பாலசுப்ரமணியமும் யேசுதாஸும் சேர்ந்து பாடிய நட்புப் பாட்டு கரோக்கிக்கென்றே எழுதியதுபோல் பொருந்துகிறது. பெண் குரல் தேட வேண்டாம், இரண்டு நண்பர் போதும்.

பெண் குரல் தேடுவது இந்த வட்டாரத்தின் தீராத தொல்லை. டூயட்டுக்கு ஆள் கிடைக்காதவர்கள் சுசீலாவோ ஜானகியோ பாடிய பகுதியை அப்படியே வைத்து ஆண் குரலை மட்டும் எடுத்த டிராக்கைப் போடுவார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் விநோதமாக இருக்கும். பெரியவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, டேப்லெட்டில் ஓடும் வரியை விரலால் தொட்டபடி நிற்பார். வரி ஆங்கில எழுத்தில் ஓடும். அதில் ழகரமும் ளகரமும் ஒன்றுதான். அவர் முறை வரும்வரை சுசீலாவைக் கேட்டுத் தலையாட்டுவார். சில சமயம் கேட்டுக்கொண்டே தன் முறையைக் கோட்டை விடுவார்.

ஸ்ரீரங்கத்தில் ஆண்கள் கூடிப் பாடுவது புதிதல்ல. புறப்பாட்டில் பெருமாளுக்கு முன்னால் பாசுரம் சொல்லிப் போகும் அருளிச்செயல் கோஷ்டியில் தொடங்குகிறவர் பிடித்த சுருதியில் மற்றவர்கள் ஒட்டிக்கொள்கிறார்கள். குரல் வராதவரும் அதில் கரைந்துவிடலாம். கரோக்கியில் தனியாக மாட்டிக்கொள்ள வேண்டும். இளைஞர்கள் மாட்டிக்கொள்வது சித் ஸ்ரீராமிடம். ‘கடல்’ (2013) படத்திலிருந்து அவர் பழக்கிய உயரம் ஒருவகையில் பாகவதர் காலத்துக்கே திரும்பிப் போவது, ஆட்டோ-டியூன் துணையோடு.

கடைசியாகத் திருச்சி லோகநாதன். மாடர்ன் தியேட்டர்ஸின் ‘மந்திரி குமாரி’யில் (1950) ஜிக்கியோடு அவர் பாடிய டூயட், அறுபதைத் தாண்டிய தம்பதிகளின் தேர்வில் எப்போதும் உண்டு. இசை ஜி. ராமநாதன். நடை தாளத்தில் போகும், அதிக உயரமில்லை, யாருக்கும் வரும். மாப்பிள்ளையின் மாமாவும் மாமியும் மேடையேறி, ஒருவரையொருவர் பார்த்து வெட்கப்பட்டுக்கொண்டே பாடுவார்கள், மணமக்கள் கைதட்டுவார்கள். படத்தில் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே கணவன் மனைவியை மலை உச்சிக்கு அழைத்துப் போவது அவளைத் தள்ளிவிட. முந்திக்கொண்டு அவள்தான் அவனைத் தள்ளுகிறாள். பந்தி நடக்கும்போது இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.