குட்டியானை ஏறி வந்த பாட்டுகள்

இந்தத் தை மாதம் நான் ஹெட்போனை மாட்டவே இல்லை. மாட்ட விடவில்லை என்பதுதான் சரி. எங்கள் வீடு திண்டுக்கல்–பழனி ரோட்டை ஒட்டி, ரெட்டியார்சத்திரத்துக்குக் கொஞ்சம் முன்னால். வாசலில் சாய்த்து வைத்த பொங்கல் கரும்பு காய்வதற்குள் தைப்பூசத்துக்குப் பழனி போகிற பாதயாத்திரைக் கூட்டம் வர ஆரம்பித்துவிடும். காரைக்குடி, சிவகங்கை, மதுரைப் பக்கம் என்று ஒவ்வோர் ஊர்க் கூட்டத்துக்கும் முன்னால் ஒரு குட்டியானை வண்டி. அதன்மேல் முருகன் படம், சீரியல் லைட், ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. பச்சை வேட்டியும் காவி வேட்டியும் அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டே பின்னால் நடக்கும். இரவு 12 மணிக்கும் நடக்கும், விடிகாலை 4 மணிக்கும் நடக்கும். தூங்க முடியாது. தூங்கணும்னு யார் அழுதா?

மாதா மாதம் பிடித்த பாட்டுகளை நோட்டில் எழுதி வைக்கிற கிறுக்கு எனக்குப் பத்தாம் வகுப்பிலிருந்தே உண்டு. இந்த மாதப் பக்கத்தில் புதுப் பாட்டு ஒன்றுகூட இல்லை. பழைய பாட்டா புதுப் பாட்டா என்று எங்கள் ஊர் திண்டுக்கல் லியோனி பட்டிமன்றம் நடத்தி, அதைக் கேசட் போட்டு ஊரெல்லாம் கேட்டுச் சிரித்த காலத்தில் நான் புதுப் பாட்டுக் கட்சி. இந்தத் தையில் கட்சி மாறிவிட்டேன். பாட்டின் முதல் வரியை இங்கே எழுதப் போவதில்லை. படத்தையும் குரலையும் சொன்னாலே உங்கள் வாய் முணுமுணுக்கும்.

முதல் மூன்று இடத்தையும் ஒரே படம் வாரிக்கொண்டது. 1972இல் சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்த 'தெய்வம்'. இசை குன்னக்குடி வைத்தியநாதன், பாட்டு கண்ணதாசன். தேவர் செய்த காரியத்தைப் பாருங்கள். பாடகர்களைப் பாட வைத்து நடிகர்களை வாயசைக்க விடவில்லை. மதுரை சோமு, பெங்களூர் ரமணியம்மாள், சூலமங்கலம் சகோதரிகள், பித்துக்குளி முருகதாஸ் என்று பாடினவர்களையே திரையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். ஒரு டிக்கெட்டில் இத்தனை கச்சேரி!

அதில் சூலமங்கலம் சகோதரிகள் பழனி ஆண்டியைப் பாடும் பாட்டுதான் பாதயாத்திரையின் தேசிய கீதம். கந்த சஷ்டி கவசத்தை நம் வீட்டு விடிகாலைக்குள் கொண்டுவந்த அதே இரண்டு குரல். கவசத்தில் கண்டிப்பான பெரியம்மாக்கள் மாதிரி இருப்பவர்கள், இந்தப் பாட்டில் இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு கொஞ்சுகிறார்கள். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டேன். கத்தி தாளத்துக்குத்தான் இறங்குகிறது. ரமணியம்மாள் பாட்டு வேறு ரகம். அது வந்தால் கொப்புளம் போட்ட காலும் ஆடும். இதே கண்ணால் பார்த்தேன், ஓர் ஆத்தா எங்கள் தெருப் பந்தலில் ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு நாலு சுற்று சுற்றினார்.

ஆனால் இந்த மாதத்தின் ராஜா மதுரை சோமுதான். அதற்கு ஒரு கதை இருக்கிறது.

எங்கள் தெருவே சேர்ந்து அன்னதானப் பந்தல் போடும். பகலில் தக்காளி சாதம், ராத்திரியில் சுக்குக்காப்பி, கால் வைக்க உப்புப் போட்ட வெந்நீர் அண்டா. பூசத்துக்கு நாலு நாள் முன்னால், இரவு 2 மணி இருக்கும், மைக் செட்டில் சோமு பாட்டு முடிந்தது. மறுபடி அதே பாட்டு. முடிந்ததும் மறுபடி அதே. மைக் செட் பையன் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான்.

"அக்கா, பென்டிரைவ் சிக்கிக்கிச்சுக்கா. ஆஃப் பண்ணிரவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வெந்நீரில் காலை விட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஆஃப் பண்ணுனா எந்திரிச்சு அடுத்த பந்தலுக்குப் போயிருவேன் பாத்துக்க."

அவ்வளவுதான். விடிகிற வரைக்கும் சோமுதான். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பாட்டு மருதமலை முருகனைப் பற்றியது, கோயம்புத்தூர்க்காரர். பழனிக்குப் போகிறவர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ராகம் தர்பாரி கானடா. காந்தாரத்தை ஊஞ்சலில் வைத்து ஆட்டுகிற மாதிரி அசைத்து அசைத்துப் பாட வேண்டிய ராகம். வடநாட்டில் அதை நள்ளிரவு ராகம் என்பார்கள். இங்கே மணி 2, சுற்றிலும் பனி, சோளக் காட்டு இருட்டு. ஒரு பழுதான பென்டிரைவ் சரியான ராகத்தைச் சரியான நேரத்தில் போட்டுக்கொண்டிருக்கிறது!

முதல் நாலைந்து தடவை குரலை மட்டும் கேட்டேன். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையிடம் பயின்ற வித்வான், கச்சேரியில் விடிய விடியப் பாடக்கூடியவர். சினிமாவின் சில நிமிடங்களுக்குள் அவரை அடைத்தால் பாத்திரம் தளும்பத்தானே செய்யும்? அந்தத் தளும்பல்தான் பாட்டு. அப்புறம் வயலினைப் பிடித்துக்கொண்டு போனேன். அப்புறம் தாளத்தை. நிதானமாக ஆரம்பித்து, போகப் போக வேகம் ஏறி, கடைசியில் மூச்சுவிட இடம் இல்லாமல் ஓடுகிறதே, அந்த இடம் வரும்போதெல்லாம் சுக்குக்காப்பி ஊற்றுகிற கை தானாக நின்றது. கடைசியில் அந்தப் பெரியவர் காலைத் துடைத்துக்கொண்டு, "சாமி, இன்னொரு டம்ளர் குடுங்க" என்றார். கண் நனைந்திருந்தது. கேட்டால் சுக்குக் காரம் என்பார். நான் கேட்கவில்லை.

டி.எம்.எஸ். ரசிகர்கள் சண்டைக்கு வருவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அவருக்கும் இடம் உண்டு. 'அருணகிரிநாதர்', 1964. அவரே நடித்து, அவரே பாடிய திருப்புகழ். தத்தத்தன என்று சந்தம் முட்டி மோதி வரும். பேச்சில் சொல்லிப் பாருங்கள், நாக்கு மடங்கிக்கொள்ளும். மனிதர் வெண்கலத்தைத் தட்டுகிற மாதிரி சொல்லைத் தட்டுகிறார், ஓர் ஒற்றும் நழுவவில்லை. இதற்கு நடக்க முடியாது. நின்று கேட்கணும்.

கே.பி.சுந்தராம்பாளைச் சொல்லாமல் பழனி ரோட்டில் குடியிருக்க முடியுமா? 'திருவிளையாடல்', 1965. பழத்துக்குக் கோபித்துக்கொண்டு வந்த பிள்ளையை ஔவை சமாதானம் செய்கிற கட்டம். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்து பழனிக்கு நடப்பார்கள். அந்தக் கொடுமுடிதான் சுந்தராம்பாள் பிறந்த ஊர். தீர்த்தத்துக்கு முன்னாலேயே குரல் வந்து சேர்ந்துவிட்டது.

நடுவில் ஒரு நாள் பந்தலுக்கு அரிசி எடுக்கத் திண்டுக்கல் டவுனுக்குப் போனபோது, பேகம்பூரில் ஒரு டீக்கடையில் நாகூர் ஹனீபா. வண்டியை ஓரங்கட்டி, பாட்டு முடிகிற வரை ஒரு டீயை ஆற வைத்து ஆற வைத்துக் குடித்தேன். அந்தக் குரலுக்கு மைக் எதற்கு? மலைக்கோட்டையில் நின்று பாடினால் சின்னாளப்பட்டி வரைக்கும் கேட்டிருக்கும். அவரும் நோட்டில் ஏறினார்.

மீதி நேரமெல்லாம் கோடைப் பண்பலை, 100.5. பண்பலை அலை நேர்கோட்டில்தான் போகும் என்பார்கள். கொடைக்கானல் உச்சியில் கோபுரம் இருப்பதால் கீழே இருக்கிற எங்கள் சமவெளி முழுக்க அவர்கள் கச்சேரிதான். ஒரு நாள் அதில் 'பொன்மனச் செல்வன்' பாட்டு வந்தது. 1989இல் இளையராஜா போட்டதை 2024இல் 'லப்பர் பந்து' தூசு தட்டி எடுத்துக் கொடுத்ததே, அதேதான். பந்தலில் இலை போட்டுக்கொண்டிருந்த பையன்கள் இலைக்கட்டோடு ஆடினார்கள். மாலை போட்டவர்கள் முன்னால் ஆடலாமா என்று ஓர் அண்ணன் அதட்டினார். அவர் கால் பெருவிரலும் தட்டிக்கொண்டுதான் இருந்தது.

பூசம் முடிந்து பந்தலைப் பிரித்தோம். மைக் செட் பையன் அந்தப் பென்டிரைவை என்னிடமே கொடுத்துவிட்டான், "இனி இது எதுக்குக்கா, சோமுவைத் தவிர எதுவும் பாடாது" என்று. வீட்டு டிவியில் சொருகிப் பார்த்தேன். நல்லபடியாகத்தான் வேலை செய்கிறது, 412 பாட்டும் வரிசையாக ஓடுகிறது.

மாசி பிறக்கப் போகிறது. டவுனில் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சொரிதல், பெட்டி நிறைய எல்.ஆர்.ஈஸ்வரி. நோட்டில் அடுத்த பக்கத்துக்குத் தலைப்பு எழுதியாகிவிட்டது.