நடுவில் ஒரு வைத்தி

அசோக் நகர் வீட்டில் என் அலமாரியின் மேல்தட்டில், காலிகோ முதுகு வைத்துத் தைத்த மூன்று பைண்டுகள் இருக்கின்றன. ஆனந்த விகடனில் 1950களின் பிற்பகுதியில் வாரந்தோறும் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' தொடர்கதைப் பக்கங்களைப் பெரியம்மா பத்திரமாகப் பிரித்தெடுத்துத் தைக்கக் கொடுத்தவை அவை. பைண்டர் ஓரங்களைச் சற்றுத் தாராளமாகவே வெட்டிவிட்டபடியால், ஓவியர் கோபுலு பிரயாசைப்பட்டு வரைந்த வித்வான்களில் சிலருக்குக் குடுமி போயிற்று; ஒரு தவில்காரருக்குத் தவிலில் பாதிதான் மிச்சம். ஆயினும் புதுப் பதிப்பை வாங்கிக்கொள்ளுமாறு நண்பர்கள் சொல்லும்போதெல்லாம் நான் தலையை ஆட்டிவிட்டு, இந்தப் பைண்டையே மறுபடி எடுத்துப் பிரிப்பது வழக்கம்.

இதைப்போல் எதிரும் புதிருமான இருவர் காதலிக்கிற கதை என்றால், பணக்காரப் பையனையும் ஏழைப் பெண்ணையும், முசுடனையும் வாயாடியையும் சேர்த்து வைப்பதே போதும் என்ற அபிப்பிராயம் இப்போது பரவியிருக்கிறது. ரமணிசந்திரன் நாவல்களின் நாயகர்களுடைய கர்வத்தை ரஸித்து வளர்ந்த என் தங்கை இவ்விஷயத்தில் என்னோடு கருத்து வேறுபாடு கொண்டவள். அவளுடைய ருசியைக் குறை சொல்வது என் நோக்கமன்று. ஆனால் இந்தக் கதையின் நாயனக்காரன் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கும் நாட்டியக்காரி மோகனாவுக்கும் இடையில் இருக்கும் பகை அந்தஸ்தில் பிறந்த பகையல்ல, குணபேதத்தில் பிறந்ததுமல்ல. இருவரும் ஒரே அச்சில் வார்த்த பிடிவாதக்காரர்கள். நாயனம் பெரிதா, சலங்கை பெரிதா என்பதே வழக்கு. ஸ்வாமி புறப்பாட்டுக்கு முன்னால் வீதியில் நின்று வாசித்துப் பழகியவனுக்கு, மேடை போட்டு விளக்கு வைத்து ஆடுகிற கலை அற்பமாகத் தோன்றுகிறது. அவளுக்கோ, தன் ஆட்டத்தைப் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லுகிறவன் வித்வானே அல்ல. அவளுடைய வித்தையை ஒப்புக்கொள்ளாமல் அவன் அவளைக் காதலிக்க முடியாது. ஒப்புக்கொண்டாலோ தன் வாய்ச்சொல்லைத் தானே விழுங்க வேண்டும். இந்த இக்கட்டைத் தீர்க்கக் கதாசிரியர் கலைமணி, அதாவது கொத்தமங்கலம் சுப்பு, அவசரப்படவே இல்லை.

அவர்களைச் சந்திக்க வைக்கும் உபாயமும் எத்தனை இயல்பானது! நாயன செட்டும் நாட்டிய கோஷ்டியும் ஒரே திருவிழாக்களை நம்பிப் பிழைப்பவை. மழைக்கு ஒரே குடைக்குள் ஒதுங்குவது போன்ற தற்செயல்களுக்கு அங்கே தேவையில்லை. பஞ்சாங்கமே அவர்களைக் கொண்டுவந்து எதிரெதிரே நிறுத்திவிடுகிறது.

ஆனால் நான் மீண்டும் மீண்டும் திரும்பிப் போவது சவடால் வைத்தியிடம்தான். 1968இல் ஏ. பி. நாகராஜனின் படம் வந்த பிறகு வைத்தி என்றாலே நாகேஷ் என்று ஆகிவிட்டது; அதில் எனக்கு வருத்தமில்லை, அந்த உடம்பின் வளைவும் நெளிவும் வேறு யாருக்கும் வராது. எனினும் படம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. தொடர்கதையின் வைத்தியோ வாரா வாரம் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவன். சொந்தமாக ஒரு காணி நிலமும் இல்லாமல், பெரிய மனிதர்களின் நிழலிலேயே நின்று, ஒருவன் காதில் மற்றவனைப் பற்றி ஓதியே ஜீவனம் நடத்துகிற இப்பேர்ப்பட்டவர் எந்தச் சிற்றூரில்தான் இல்லை? நாயனக்காரனும் நாட்டியக்காரியும் தெருவில் நின்று நேருக்கு நேர் நாலு வார்த்தை பேச முடியாத ஊரில், சொல் என்பது பத்துக் கை மாறித்தான் போய்ச் சேரும். ஒவ்வொரு கையிலும் சற்று வளைந்து, சற்று வீங்கி, கடைசியில் சொன்னவனுக்கே அடையாளம் தெரியாமல் போகும். கதையின் ஹாஸ்யம் முழுவதும் அந்த வளைவில் இருக்கிறது, அதன் அபாயமும் அங்கேயே இருக்கிறது. வைத்தி துஷ்டன்தான், சந்தேகமில்லை. ஆனால் அவனை எடுத்துவிட்டால் மிஞ்சுவது இரண்டு கோபக்காரர்களும் ஒரு கல்யாணமும் மட்டுமே.

இன்றைய மாத நாவல்களில் காதலர் கைபேசியில் நேரே பேசிக்கொள்கிறார்கள். ஊடல் இருபதாம் பக்கத்தில் தொடங்கி இருபத்தைந்தில் தீர்ந்துவிடுகிறது. ஊர் என்று ஒன்று பெயரளவில் இருந்தாலும் அதற்கு வாய் இல்லை. ஊருக்கு வாய் இருந்த காலத்தை நினைக்கும்போது ஏக்கமே மிஞ்சுகிறது. ஊரின் வாயோடு வித்வானின் ரோஷமும் போயிற்று போலும்: போன ஆவணியில் எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில், நாயனக்காரர் சீவாளியை நனைத்து வாயில் வைக்கும் தருணம் பார்த்து எவனோ ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டைப் போட்டான். அவர் நாயனத்தை மடியில் கிடத்திக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவத் தொடங்கினார். சண்முகசுந்தரமாயிருந்தால் செட்டோடு எழுந்து போயிருப்பான்.

என் பைண்டில் ஒரு வாரம் இல்லை. அந்த இதழை இரவல் வாங்கிப்போன அடுத்த வீட்டு மாமி திருப்பித் தரவில்லையென்பது பெரியம்மாவின் ஆயுட்காலக் குறை. படித்துக் காட்டும்போது அந்தப் பக்கம் வந்ததும் பெரியம்மா புத்தகத்தை மூடி, விட்டுப்போன அத்தியாயத்தைத் தானே வாயால் சொல்லுவாள். ஒவ்வொரு தடவையும் வைத்தி புதிதாக ஒரு பொய் சொல்லுவான், மோகனா புதிதாக ஒரு பதில் கொடுப்பாள். பிற்காலத்தில் நூலகத்துப் பிரதியில் அந்த அத்தியாயத்தைத் தேடிப் படித்தேன். பெரியம்மாவினுடையதைக் காட்டிலும் அது கொஞ்சம் சுமாராகவே இருந்தது.