கண்ணகி வர்றா, தள்ளி உட்காருங்க!

‘பூம்புகார்’ படத்தைப் பத்தி இன்னும் ஒரு ஆளிடம் பேசாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும், அதனால் உங்களைப் பிடித்துக்கொண்டேன். 1964-ல் வந்த படம், கலைஞர் வசனம், ப. நீலகண்டன் இயக்கம், கதையும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தால் என்ன? கட்டின பெண்டாட்டி கண்ணகியை விட்டுவிட்டு ஆடல்காரி மாதவி வீட்டிலேயே கிடந்த கோவலன், சொத்தெல்லாம் கரைந்தபிறகு திரும்பி வந்து நிற்கிறான். அவளிடம் மிச்சம் இருப்பது சிலம்பு மட்டும். அதை விற்றுப் பிழைக்க ரெண்டு பேரும் வருகிற ஊர் எது? எங்க மதுரை! அதுவும் நான் இந்தப் படத்தைப் பார்த்தது அதே மதுரையின் வில்லாபுரத்தில். அரசியின் சிலம்பைத் திருடினான் என்று பாண்டியன் ஆணையில் கோவலனை வெட்டின இடம் என்று ஊர் சொல்கிற கோவலன் பொட்டல், அங்கிட்டு பழங்காநத்தத்தில்தான் இருக்கிறது. நினைத்துப் பாருங்க, உடம்பு சிலிர்க்குமா சிலிர்க்காதா?

கோவலன் யார் தெரியுமா? எஸ்.எஸ். ராஜேந்திரன், நம்ம மதுரை மாவட்டத்து சேடப்பட்டிக்காரர்! 1962-லேயே தேனியில் ஜெயித்து எம்.எல்.ஏ. ஆனவர். கண்ணகி விஜயகுமாரி, அப்போது நிஜத்திலும் அவருடைய மனைவி. மாதவியாக ராஜஸ்ரீ வந்து ஆடும்போது கோவலன் சொக்கிப்போனதில் ஆச்சரியமே இல்லை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன், கூட உட்கார்ந்து படம் பார்த்த மதினி திரும்பிப் பார்த்த பார்வையில் அடுத்த அரைமணி நேரம் நான் மூச்சு விடவில்லை.

சமணத் துறவி கவுந்தியடிகளாக கே.பி. சுந்தராம்பாள் வேறு! அந்தக் குரல் கிளம்பினால் டிவி ஸ்பீக்கர் தாங்காது. தெய்வம் எங்கே போனது என்று கேட்கிற மாதிரி ஒரு வரியை, முருக பக்தையான நான் பாடமாட்டேன் என்று அவர் மறுக்க, அது மாற்றப்பட்டதாகச் சொல்வார்கள். அந்தக் குரலுக்கு அந்த அதிகாரம் உண்டுதானே!

ஆனால் எல்லாமே கண்ணகி நீதி கேட்கிற அந்த அரசவைக் காட்சிக்குத்தான் காத்திருக்கிறது. அதுவரைக்கும் விஜயகுமாரி பேசுவதே மெதுவாக, புருஷன் எங்கே போனான் என்று ஊரே கேட்டாலும் தலை குனிந்து நிற்கிற பெண்ணாக, நமக்கே ‘ஒரு வார்த்தை கேளேன்மா’ என்று கத்தத் தோன்றுகிற அளவுக்கு அடங்கிக் கிடக்கிறார், இப்போது பாருங்க, அவிழ்ந்த கூந்தல், கையில் ஒற்றைச் சிலம்பு, எதிரே பாண்டியன், அரசியின் சிலம்பில் முத்து, என் சிலம்பில் மாணிக்கம் என்கிற அந்த ஒரே வழக்கை வைத்துக்கொண்டு வார்த்தை வார்த்தையாக ஏறுகிறார், ஏறுகிறார், தொண்டை நரம்பு புடைக்கிறது, கண் ரெண்டும் தணலாகிறது, சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறிக்கிறது, நான் என்னை அறியாமல் எழுந்து நின்று “அப்படிப் போடு தாயி!” என்று கத்த, கையிலிருந்த பருத்திப்பால் பாதி தரையில், “உட்காருங்க தம்பி, மறைக்குது!” என்று மதினி அதட்ட, அவர் கன்னத்திலும் தண்ணீர்! துரோகம் பண்ணின புருஷனுக்காகவா இத்தனை ஆவேசம் என்று கேட்பீர்கள். அதுதான் சார் விஷயம்! அவன் தனக்குச் செய்ததை அவள் மன்னித்தாள், அரசு அவனுக்குச் செய்ததை மன்னிக்கவில்லை. அடங்கிக் கிடந்த அத்தனை வருஷமும் அந்த அவையில்தான் வெளியே வருகிறது.

வசனத்தில் நாடக வாடை உண்டு, சில இடம் நீளம், சரி சரி, அதுக்கென்ன இப்போ!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டோடு உட்கார்ந்து போட்டுப் பாருங்க. ஒன்றே ஒன்று: அரசவைக் காட்சி வருமுன் அடுக்களையில் மிக்ஸியை நிறுத்தச் சொல்லிவிடுங்கள், ஒரு வார்த்தை தவறினாலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.